எண் இல்லாத மூன்று வருடங்கள்

2025 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பின்தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். அவர் மகளும் என் மகளும் சாயங்காலம் சேர்ந்து விளையாடுகிறவர்கள். ரெண்டு பேருக்கும் ஒரே வயது. அக்காவின் மகள் படித்தது ஒரு சின்ன தனியார் பள்ளி, 'நர்சரி அண்ட் பிரைமரி'. ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாவதுக்கு வேறு இடம் பார்த்தாக வேண்டும். மெட்ரிக் பள்ளி ஒன்றில் விசாரித்ததில் வருடத்துக்கு 45,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். நடந்து போகிற தூரத்தில் ஒரு அரசு நடுநிலைப்பள்ளி இருக்கிறது. அங்கே ஃபீஸே இல்லை.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் பாப்பீங்களே. அந்த ஸ்கூலு நல்ல ஸ்கூலான்னு பார்த்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா சேத்துடறேன்."

நான் மென்பொருள் எழுதுகிறவன். 'தரம்' என்ற சொல்லை ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது அலுவலகத்தில் சொல்கிறவன். அரை மணி நேரத்தில் முடிகிற வேலை என்று நினைத்து, "ஆகட்டும்க்கா, பார்த்துச் சொல்றேன்" என்றேன். மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில், ஒரு பள்ளியை நல்ல பள்ளி என்று நாம் எதை வைத்துச் சொல்கிறோம் என்பதில் எனக்கு இருந்த நம்பிக்கைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

*

முதலில் தரவைத் தேடினேன். யூடைஸ் என்று ஒரு தேசியத் தொகுப்பு இருக்கிறது. நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கத்தில் ஒரு எண், தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும். வகுப்பறை எத்தனை, ஆசிரியர் எத்தனை, கழிப்பறை, குடிநீர், நூலகம், சாய்தளம் எல்லாம் அதில் உண்டு. எங்கள் சுற்றுவட்டாரத்தில் நான்கு பள்ளிகளை எடுத்து ஒரு அட்டவணை போட்டேன். நான்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தன. எல்லாவற்றிலும் கழிப்பறை உண்டு, தண்ணீர் உண்டு, நூலகம் உண்டு.

பிறகுதான் உறைத்தது. இந்த விவரங்களைப் பள்ளியே நிரப்பி அனுப்புகிறது. எங்கள் தொழிலில் ஒருவர் தான் எழுதிய நிரலைத் தானே சோதித்து, தானே 'பாஸ்' போட்டுக்கொண்டால் சிரிப்போம். இங்கே அந்த 'பாஸ்'களைக் கூட்டித்தான் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் படம் வரைகிறோம்.

ஆசிரியர் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் வேண்டும் என்கிறது. அறிவியலும் கணிதமும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் என்று குறைந்தது மூன்று பேர். பாடங்களோ ஐந்து. தாவரவியல் படித்தவர் இயற்கணிதம் எடுப்பார், ஆங்கில இலக்கியம் படித்தவர் தமிழும் எடுப்பார். அட்டவணையில் மூன்று என்று இருந்தால் விதி நிறைவேறிவிட்டது. அந்த மூவரில் ஒருவர் வாக்காளர் பட்டியல் வேலைக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால், அன்றைக்குப் பள்ளியில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. இது எந்தக் கட்டத்திலும் பதிவாகாது.

கற்றல் பற்றிய ஆய்வுகளும் உதவவில்லை. 'அசர்' ஆய்வு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறது, நல்ல முறை. ஆனால் அது கிராமங்களுக்கு மட்டும். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது, ஆவடி 2019-இல் தானே மாநகராட்சி ஆனது. நாங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டோம். 2021-இல் நடந்த தேசிய அடைவு ஆய்வு எட்டாம் வகுப்பைத் தொட்டது. சில பள்ளிகளை மாதிரியாக எடுத்து மாவட்டத்துக்கு மதிப்பெண் தந்தது. 2024 டிசம்பரில் நடந்த அதன் அடுத்த வடிவம் 3, 6, 9 வகுப்புகளுக்கு. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தானே எடுத்த ஆய்வில் எட்டாம் வகுப்பும் உண்டு என்றாலும், அது துறை தன் ஆசிரியர்களோடு பேசிக்கொள்வதற்கான கருவி. எங்கள் பின்தெருவுக்கு அது வந்து சேரவில்லை.

இன்னொரு விசயமும் அப்போதுதான் கண்ணில் பட்டது. நடுநிலைப்பள்ளி என்பது ஒன்று முதல் எட்டு வரை ஒரே வளாகம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' முதலில் மூன்று வரை, அடுத்த ஆண்டு ஐந்து வரை, அதோடு சரி. எட்டாவது வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீடு, 60 தொகுத்தறி மதிப்பீடு, இரண்டையும் போடுவது அதே ஆசிரியர். பத்தாம் வகுப்பு வந்தால் ஊரே மதிப்பெண் பேசும். நடுவில் ஆறு, ஏழு, எட்டு. ஒரே கட்டடத்தில் தம்பி காலையில் பொங்கல் சாப்பிடுகிறான், ஆறாவது படிக்கிற அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த மூன்று வருடத்தின் மீது யாருடைய விளக்கும் விழுவதில்லை.

*

எண் இல்லாத இடத்தில் மனிதர்கள் வேறு எதையாவது வைத்து அளப்பார்கள். தெருவில் கேட்டுப் பார்த்தேன்.

"காம்பவுண்டு சூப்பரா கட்டியிருக்காங்க சார், பெயின்ட்லாம் அடிச்சு" என்றார் ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர். "இங்கிலீஷ் மீடியம் வெச்சுட்டாங்க, அப்புறம் என்ன" என்றார் மளிகைக் கடைக்காரர். அக்காவின் அண்ணி சொன்னது வேறு கணக்கு: "ஆறாவதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சா டாக்டர் சீட்டு கிடைக்கும்." அதில் பாதி உண்மை. 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆனால் அது அரசுப் பள்ளியில் சேர ஒரு காரணம். இந்தப் பள்ளி நன்றாகச் சொல்லித்தருகிறதா என்பதற்கு அதில் பதில் இல்லை.

எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அங்க யாரு பசங்க படிக்கிறாங்கன்னு பாருங்க சார். அதான் மேட்டர்."

கேட்டதும் கோபம் வந்தது. ஆனால் அடுத்த நாள் யோசித்தபோது, ஊர் முழுக்கப் பயன்படுத்துகிற அளவுகோல் இதுதான், இவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான் என்று தோன்றியது. 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் பல்லாயிரம் பள்ளிகளை வைத்து ஒரு அறிக்கை வந்தது. கட்டடம், கருவிகள், செலவு ஆகியவற்றைவிடப் பிள்ளையின் குடும்பப் பின்னணியும் கூடப் படிப்பவர்களும்தான் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப்போகின்றன என்றது. அதை "ஏழைப் பிள்ளைகள் படிக்கும் இடம் மோசம்" என்று படித்துக்கொள்வது வசதி. அதை வேறு மாதிரியும் படிக்கலாம். பெரும்பாலான சமயம் நாம் பள்ளியின் மதிப்பெண் என்று பார்ப்பது பெற்றோரின் மதிப்பெண்ணைத்தான்.

ஆந்திரத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2008 முதல் நான்கு ஆண்டுகள் நடத்திய ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. குலுக்கல் முறையில் சில கிராமத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். நான்கு வருடம் கழித்து, தெலுங்கிலும் கணிதத்திலும் அவர்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட முன்னே இல்லை. தனியார் பள்ளியில் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்த இந்தியில் முன்னே இருந்தார்கள். தனியார் பள்ளிகள் இதை மிகக் குறைந்த செலவில் செய்தன என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஃபீஸ் கட்டினால் படிப்பு வரும் என்று நம்புகிற என்னைப் போன்றவர்களுக்கு அதில் ஆறுதல் கிடையாது.

*

அப்படியானால் எட்டாவதுக்கு ஒரு பொதுத்தேர்வு வைத்துவிட்டால் என்ன? எங்கள் தாத்தா காலத்தில் இ.எஸ்.எல்.சி. இருந்தது. எட்டாவது பாஸ் சர்டிபிகேட்டைக் காட்டித்தான் அவர் பாடியில் ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்தார்.

வைத்துப் பார்க்க முயன்றார்கள். 2019-இல் மத்திய அரசு கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழி செய்தது. அந்த செப்டம்பரில் தமிழ்நாடு அரசு இரண்டு வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. 2020 பிப்ரவரி 4 அன்று ரத்து செய்தார்கள். தேர்வு நடக்கவே இல்லை.

நடக்காதது நல்லது என்பதே என் எண்ணம், ஒரு எண்ணுக்காக நாயாய் அலைந்த பிறகும். டொனால்ட் கேம்ப்பெல் என்ற அமெரிக்க அறிஞர் 1970-களிலேயே எச்சரித்தார்: ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்க ஆரம்பித்தால், அந்த எண்ணையே வளைக்க ஆரம்பிப்பார்கள். இதற்கு அமெரிக்கா போக வேண்டாம். பத்தாவதில் நூறு சதவீதம் காட்டுவதற்காக ஒன்பதாவதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளிகளைத் தெரியாதவர் இங்கே யார்? எட்டாவதிலும் அப்படி ஒரு சதவீதம் வந்திருந்தால், வாசிக்கத் தெரியாத பிள்ளையை ஏழாவதிலேயே கழற்றிவிடப் பழகியிருப்போம். பள்ளியின் எண் உயர்ந்திருக்கும். அந்தப் பிள்ளை ஏதோ ஒரு பட்டறையில் நின்றிருக்கும்.

இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு நாவலை அதன் அட்டையை வைத்தோ, விற்ற பிரதிகளை வைத்தோ, யார் யார் வாங்குகிறார்கள் என்பதை வைத்தோ மதிப்பிட்டால் சண்டைக்கு வருவோம். "பிரதியைப் படிச்சியா?" என்று கேட்போம். பள்ளி விசயத்தில் மட்டும் அட்டை, விற்பனை, வாசகர் யார் என்பது போதும் என்று இருந்துவிடுகிறோம். பள்ளியின் பிரதி எது? அதைத் தேடித்தான் கடைசியில் அக்காவோடு நேரில் போனேன்.

*

மதியம் பன்னிரண்டு மணி, சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் வாசனை. வளாகம் மாநகர எல்லைக்குள் வந்து வருடங்கள் ஆனாலும் பெயர்ப்பலகை 'ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி' என்றே சொன்னது. தலைமையாசிரியைக்கு ஐம்பது வயது இருக்கும். அக்கா வந்த காரணத்தைச் சொன்னதும் சேர்க்கைப் படிவத்தை எடுத்தார். நான் தயங்கி, பிள்ளைகளின் நோட்டுகளைப் பார்க்கலாமா என்று கேட்டேன். என்னை ஒரு நிமிசம் பார்த்தார். "ஆபீசர் யாராவதா சார்?" "இல்லைங்க மேடம், பக்கத்து வீடு."

எட்டாம் வகுப்பு அறிவியல் நோட்டுகள் முதலில் வந்தன. பத்து நோட்டைப் புரட்டினேன். பத்திலும் ஒரே விடை, ஒரே வரிகள், ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு டிக். கரும்பலகையில் இருந்ததை இறக்கியிருக்கிறார்கள். டிக் அடித்தவர் படிக்கவில்லை. கணித ஆசிரியர் இடம் பல மாதங்களாகக் காலி என்றும், அறிவியல் ஆசிரியர்தான் இரண்டையும் சமாளிக்கிறார் என்றும் தலைமையாசிரியை சொன்னார்.

அடுத்து ஏழாம் வகுப்புத் தமிழ் நோட்டு. 'எங்கள் தெருவில் மழை' என்று ஒரு கட்டுரை. ஒன்றுபோல ஒன்று இல்லை. ஒரு பெண், கட்டில் மேல் கேஸ் சிலிண்டரை ஏற்றியதை எழுதியிருந்தாள். ஒரு பையன் நாலே வரி, எழுத்துகள் கோணல். பீகாரிலிருந்து வந்து ஒன்றரை வருடம் ஆகிறதாம். பிழைகள் அடிக்கோடிடப்பட்டிருந்தன. சிலிண்டர் கட்டுரையின் கீழே சிவப்பு மையில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆயிற்று?" அதற்குக் கீழே அந்தப் பெண் பதில் எழுதியிருந்தாள்: "மூன்று நாள் டீச்சர். பாட்டிக்கு காய்ச்சல் வந்தது."

அந்த இரண்டு வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பெரியவர் ஒரு பிள்ளை எழுதியதை உண்மையிலேயே படித்திருக்கிறார். எந்த அட்டவணையிலும் இதற்குக் கட்டம் இல்லை.

கடைசியாக ஒன்று கேட்டேன். "ஆறு, ஏழு, எட்டுல சரளமா வாசிக்க வராத பசங்க எத்தனை பேர் மேடம்?" மழுப்புவார் என்று நினைத்தேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். பதினோரு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதிகள், 'எழுத்து', 'சொல்', 'வரி', 'பத்தி' என்று குறிப்புகள். ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினார். "இவ ஆறாவது வரும்போது எழுத்தே தெரியாது சார். இப்போ எட்டாவது. வரி படிப்பா. பாடப்புத்தகம் இன்னும் வராது. நேரம் பத்தலை."

எனக்குப் பதில் கிடைத்தது அங்கேதான். பொங்கலும் திட்டமும் தேர்வும் எட்டாத அந்த மூன்று வருடத்தில் ஒரு பள்ளி எப்படி என்று அறிய, அதன் முதல் மாணவியைப் பார்த்துப் பயனில்லை. அவள் எங்கே போட்டாலும் படிப்பாள். வாசிக்கத் தெரியாமல் ஆறாவதுக்கு வந்த பிள்ளை எட்டாவது முடிக்கும்போது எங்கே நிற்கிறது? அந்தப் பிள்ளையின் பெயர் பள்ளிக்குத் தெரியுமா? நோட்டில் யாராவது அதனிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்களா?

தாமதமாக வந்தாலும் மீட்க முடியும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. கொரோனாவுக்குப் பிறகு இங்கே கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்தில் திரும்பிவிட்டது என்றது. அந்த மீட்சியில் 24 சதவீதம் 'இல்லம் தேடிக் கல்வி'யின் பங்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பின்தங்கியவர்களுக்கு அரசு 'திறன்' என்று ஒரு திட்டத்தை 2025-இல் தொடங்கியதும், அந்த மூன்று வருடத்து இருட்டை அதுவும் பார்த்துவிட்டது என்பதால்தான்.

கழிப்பறையையும் பார்த்தேன். பெண்கள் பக்கம் நான்கு. இரண்டு பூட்டிக் கிடந்தன. யூடைஸில் நான்கும் பயன்பாட்டில் இருந்தன.

*

அன்று மாலை அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னேன். தமிழ் நல்லா சொல்லித்தர்றாங்க. படிக்காத பசங்களை விட்டுடலை. கணக்குக்கு ஆளில்லை, அது பெரிய குறை. சனிக்கிழமை நான் சொல்லித் தர்றேன். பாத்ரூம் விசயத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்கணும். சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகணும்.

அக்கா கேட்டுக்கொண்டார். பிறகு சாதாரணமாக, வம்பு எதுவும் இல்லாமல் கேட்டார்: "உங்க பொண்ணை அங்க சேப்பீங்களா தம்பி?"

மாட்டேன். அதைச் சொல்ல எனக்கு நேரமானது. கணித ஆசிரியர் இல்லாத பள்ளியில் அவர் மகள் சமாளிப்பாள் என்று சொன்ன நான், என் மகளுக்கு அந்த ஆபத்தைக் காசு கொடுத்துத் தவிர்த்துக்கொள்கிறேன். என் தீர்ப்பு தப்பாகப் போனால் எனக்கு நட்டம் ஒன்றுமில்லை. நடுநிலைப்பள்ளி பற்றிக் கருத்து சொல்கிற முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத்தான்; ஆசிரியர், அதிகாரி, எழுத்தாளர் யாராக இருந்தாலும்.

அன்றிரவு என் மகளின் பையைத் திறந்து அவள் நோட்டுகளைப் பார்த்தேன். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கட்டுகிற பள்ளி. அறிவியல், சமூக அறிவியல், ஆங்கிலம், தமிழ். அழகான கையெழுத்து, திரையிலிருந்து இறக்கிய விடைகள், பக்கத்துக்கு ஒரு 'குட்' முத்திரை. கூடப் படிக்கும் பெண்ணின் நோட்டை வாங்கி வரச் சொல்லி ஒப்பிட்டேன். வரிக்கு வரி ஒன்று. வருடம் முழுக்க ஒரு கேள்வி இல்லை. எண்கள் நிறைய இருந்தன. தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று ஆறு.

நான் இன்னும் பள்ளியை மாற்றவில்லை. காரணங்கள் சொல்லலாம், சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். அக்கா தன் மகளைச் சேர்த்துவிட்டார். கழிப்பறைப் பூட்டு மூன்றாவது கூட்டத்தில் கேட்ட பிறகு திறந்தது. கணிதத்துக்கு வேறொரு பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியர் வாரத்துக்கு மூன்று நாள் வருகிறார். சனிக்கிழமைகளில் ரெண்டு பெண்களும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பின்னங்கள் போடுகிறார்கள். கணக்கு முடிந்ததும் அக்காவின் மகள் தமிழ் நோட்டை எடுத்து என்னிடம் நீட்டுவாள், நான் எதைத் தேடுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். போன வாரம் அவள் அம்மாவின் தையல் மெஷினைப் பற்றி எழுதியிருந்தாள். கீழே சிவப்பு மையில்: "ஒரு நாளைக்கு எத்தனை சட்டை தைப்பார்?"

"அம்மா இன்னும் சொல்லல அங்கிள்" என்றாள். "கேட்டு எழுதணும்."

என் மகள் அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.